சுழல்வதைத் தாங்குவது எது? பழைய காரின் பின் அச்சும் உங்கள் கம்ப்யூட்டர் ஃபேனும்

கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசசர் எது, ராம் எவ்வளவு, டிஸ்க் எத்தனை ஜி.பி. என்று விசாரித்து வாங்குகிறோம். கேபினட்டுக்குள் சுழலும் ஃபேனில் என்ன பேரிங் இருக்கிறது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் கம்ப்யூட்டரில் முதலில் தேய்வது இந்த ஃபேன்தான். பிராசசரில் அசையும் பாகம் எதுவும் இல்லை. ராமிலும் இல்லை. ஃபேனும் ஹார்ட் டிஸ்க்கும் மட்டும் சுழன்றுகொண்டே இருக்கின்றன. சுழலும் எதுவும் ஒரு நாள் தேயும்.

ஃபேன் வாங்கப் போனால் அட்டையில் "ஸ்லீவ் பேரிங்", "பால் பேரிங்", "ஃப்ளூயிட் பேரிங்" என்று போட்டிருக்கும். விலையும் மாறும். எதை வாங்குவது? இதே கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு முன் கார் தயாரித்தவர்களும் சந்தித்தார்கள். அவர்களுக்கு அது காரின் பின் அச்சில் எழுந்தது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் இந்த அட்டைகளில் உள்ள சொற்கள் தானாகவே புரிந்துவிடும்.

பேரிங் என்றால் என்ன?

ஒரு தண்டு சுழல வேண்டும். அதைத் தாங்கும் பாகம் அசையாமல் நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று உரசித் தேயாமல் பார்த்துக்கொள்வதுதான் பேரிங்கின் வேலை. இதை மூன்று வழிகளில் செய்யலாம்.

முதல் வழி புஷ். மென்மையான உலோகத்தில் ஓட்டை போட்டு, எண்ணெய் விட்டு, அதற்குள் தண்டைச் சுழல விடுவது. இரண்டாவது வழி, இடையில் குண்டுகளையோ உருளைகளையோ வைப்பது. நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் "பால்ரஸ்" என்று சொல்வது இதைத்தான். மூன்றாவது வழி, தண்டை எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்க விடுவது.

பேரிங் தாங்க வேண்டிய பாரமும் இரண்டு வகை. ஒன்று தண்டின் மேல் குறுக்காக அழுத்தும் பாரம். காரின் எடை சக்கரத்தின் மேல் அழுத்துவது இப்படித்தான். மற்றொன்று தண்டை அதன் நீளவாட்டில் தள்ளும் விசை. இதை த்ரஸ்ட் என்பார்கள். புதிதாகப் படிப்பவர்கள் முதல் வகையை எளிதில் புரிந்துகொள்வார்கள், இரண்டாவதை மறந்துவிடுவார்கள். பேரிங் வரலாற்றில் பல தொல்லைகள் வந்தது இந்த இரண்டாவதால்தான்.

பின் அச்சில் என்ன நடக்கிறது?

தொடக்க காலக் கார்கள் பலவற்றில் சைக்கிளைப் போல செயின்தான் பின் சக்கரத்தைச் சுழற்றியது. 1886-ல் வந்த பென்ஸ் காரும் செயின் வண்டிதான். 1898-ல் லூயி ரெனோ தன் சிறிய காரில் செயினை நீக்கிவிட்டு, எஞ்சினிலிருந்து பின் அச்சு வரை ஒரு சுழலும் தண்டைப் பொருத்தினார். பின்னர் பெரும்பாலான கார்களும் இந்த வழிக்கே வந்தன.

தண்டு முன்னும் பின்னுமாகக் கிடக்கிறது. சக்கரத்தின் அச்சோ இடமும் வலமுமாகக் கிடக்கிறது. சுழற்சியை மூலை திருப்ப வேண்டும். அதற்காகத் தண்டின் முனையில் பினியன் என்ற சிறிய கூம்புப் பல்சக்கரமும், அச்சில் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரமும் வைத்தார்கள். கூம்புப் பற்கள் ஒன்றையொன்று சுழற்றுவதோடு நிற்காமல், ஒன்றையொன்று விலக்கியும் தள்ளும். கார் கிளம்பும்போதும் மேட்டில் ஏறும்போதும் இந்தத் தள்ளல் அதிகம்.

ஆக, பின் அச்சின் பேரிங்குகளுக்கு மூன்று வேலைகள். காரின் எடையைத் தாங்க வேண்டும். பல்சக்கரங்கள் விலகாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். வளைவில் திரும்பும்போது சக்கரம் பக்கவாட்டில் தள்ளுவதையும் தாங்க வேண்டும். இதை மலிவாகவும் செய்ய வேண்டும்!

மாடல் டி-யின் முடிவு

1908-ல் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காரை வெளியிட்டது. 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகளுக்கு மேல் தயாரானது. 1908-ல் 850 டாலராக இருந்த விலை 1920களில் 300 டாலருக்கும் கீழே வந்தது. விலையைக் குறைத்துக்கொண்டே போன காரில் ஒவ்வொரு பேரிங்குக்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

மாடல் டி-யின் பின் அச்சைப் பிரித்தால் உள்ளே மூன்று வகைப் பேரிங்குகள் இருக்கும். எடையைத் தாங்க ஹயாட் ரோலர் பேரிங். பினியன் பக்கத்துத் தள்ளலைத் தாங்கக் குண்டுகள் கொண்ட த்ரஸ்ட் பேரிங். கிரவுன் வீல் பக்கத்துத் தள்ளலைத் தாங்க பாபிட் என்ற மென்மையான உலோகத்தில் செய்த வாஷர்.

ஹயாட் ரோலர் ஒரு விசித்திரமான பொருள். செல்லுலாய்டைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற ஜான் வெஸ்லி ஹயாட் உருவாக்கியது. சாதாரண ரோலர் திடமான எஃகு உருளை. ஹயாட் ரோலரோ எஃகுப் பட்டையை ஸ்பிரிங் போலச் சுருட்டிச் செய்த குழாய். அதனால் சற்று வளைந்து கொடுக்கும். அச்சு நூல் பிடித்தாற்போல் நேராக இல்லாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளும். குழாயாக இருப்பதால் உள்ளே எண்ணெயும் தங்கும். இயந்திர வேலை இன்று போல் துல்லியமாக இல்லாத காலத்தில் இது பெரிய வரம்.

இந்தக் கம்பெனியை நடத்தியவர் ஆல்ஃபிரட் ஸ்லோன். ஃபோர்டு அவருடைய முக்கிய வாடிக்கையாளர். 1916-ல் ஹயாட் கம்பெனி 1 கோடியே 35 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. ஸ்லோன் 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவராகி ஃபோர்டுக்கே போட்டியாக நின்றார். ஒரு பேரிங்கில் எவ்வளவு பணம் இருந்தது பாருங்கள்!

ஆனால் ஹயாட் ரோலருக்கு ஒரு குறை உண்டு. நேரான உருளை என்பதால் அச்சு நீளவாட்டில் வழுக்கிக்கொண்டு போனால் அதைத் தடுக்காது. த்ரஸ்டை வேறொன்றுதான் தாங்க வேண்டும். அந்த வேலைதான் பாபிட் வாஷருக்கு வந்தது.

பாபிட் எங்கே ஏமாற்றியது?

ஐசக் பாபிட் என்பவர் 1839-ல் காப்புரிமை பெற்ற கலவை உலோகம் இது. வெள்ளீயம், ஆண்டிமனி, செம்பு சேர்ந்தது. மென்மையானது என்பதால் எண்ணெயில் வரும் தூசியும் இரும்புத் துகளும் இதற்குள் புதைந்துவிடும், தண்டைக் கீறாது. எஞ்சின்களில் இது நல்ல பெயர் எடுத்தது.

வாஷராக இருந்தபோது நிலைமை வேறு. கிரவுன் வீல் அதை ஓயாமல் தள்ளுகிறது. ஆண்டுகள் போகப் போக பாபிட் வெடித்துத் துண்டு துண்டாக உதிர்கிறது. வாஷர் இருந்த இடம் காலியாகிறது. கிரவுன் வீல் அந்தக் காலி இடத்துக்குள் நகர்கிறது. பினியனின் பற்களும் அதன் பற்களும் ஒன்றையொன்று விட்டுவிடுகின்றன. எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் சுழலவில்லை.

இதோடு போனால் பரவாயில்லை. மாடல் டி-யின் கால் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர் பெட்டிக்குள் இருந்தது! பிரேக்கை மிதித்தால் நடுத்தண்டு நிற்கும், அது பினியன் வழியாகச் சக்கரத்தை நிறுத்தும். பினியனுக்கும் கிரவுன் வீலுக்கும் தொடர்பு அறுந்துவிட்டால் கால் பிரேக்கும் போய்விடும். இறக்கத்தில் இது நடந்தால் மிஞ்சுவது சக்கரத்தில் உள்ள சிறிய கை பிரேக் மட்டுமே. காரை நிறுத்தி வைக்கப் பயன்பட்ட பிரேக் அது.

இன்றும் மாடல் டி கார்களைப் பாதுகாத்து ஓட்டுகிறவர்கள், பின் அச்சில் முதலில் செய்யும் வேலை பாபிட் வாஷரை எடுத்துவிட்டு வெண்கல வாஷர் போடுவதுதான். காரில் மிகச் சிறிய, மிக மலிவான பாகங்களில் ஒன்று. அதை நம்பித்தான் பிரேக்கே இருந்தது.

கூம்பு உருளை தந்த விடை

ஹென்றி டிம்கன் குதிரை வண்டி கட்டியவர். வண்டி வளைவில் திரும்பும்போது சக்கரம் பக்கவாட்டில் தள்ளுவதை அவர் அறிந்திருந்தார். 1898-ல் அவரும் அவருடைய உறவினரும் சேர்ந்து டேப்பர் ரோலர் பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார்கள்.

இதில் உருளைகள் நேராக இல்லாமல் ஒரு முனையில் சற்றுக் குறுகிக் கூம்பு போல இருக்கும். அவை ஓடும் பாதையும் கூம்பு வடிவமே. ஒரு டம்ளருக்குள் இன்னொரு டம்ளரைச் செருகிப் பாருங்கள். மேலிருந்து அழுத்தினாலும் பக்கத்திலிருந்து தள்ளினாலும் உள் டம்ளர் வெளி டம்ளரின் சுவரிலேயே அழுந்தும். அதுபோல எடையையும் த்ரஸ்டையும் ஒரே பேரிங் தாங்கிவிடுகிறது. ஒரு பக்கத் தள்ளலை மட்டுமே ஒரு பேரிங் தாங்கும் என்பதால் எதிரெதிராக இரண்டு வைக்க வேண்டும். இடைவெளியையும் சரியாக அளந்து வைக்க வேண்டும். இறுக்கினால் சூடாகும், தளர்ந்தால் ஆடும்.

ஃபோர்டு 1927 கடைசியில் வெளியிட்ட மாடல் ஏ காரில் கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் டேப்பர் ரோலர் பேரிங்குகள் வந்துவிட்டன. பாபிட் வாஷருக்கு அங்கே வேலை இல்லை. பிரேக்கும் நான்கு சக்கரங்களுக்கும் வந்தது.

லாரிச் சக்கரத்தின் நடுவே என்ன?

எந்தப் பேரிங் என்பது பாதிக் கேள்விதான். அதை எங்கே வைப்பது என்பது மீதிப் பாதி. மாடல் டி-யில் பேரிங் சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் மேலேயே இருந்தது. காரின் எடையும் அதே அச்சின் மேல். சுழற்றும் வேலையும் அதற்கே. அச்சு முறிந்தால் சக்கரம் கழன்றுகொள்ளும். இதை செமி ஃப்ளோட்டிங் என்பார்கள்.

மாடல் ஏ-யில் பேரிங்கை அச்சின் மேல் வைக்காமல், அச்சைச் சூழ்ந்திருக்கும் கூட்டின் வெளிப்பக்கத்தில் வைத்தார்கள். எடையைக் கூடு தாங்கியது. அச்சின் சுமை குறைந்தது. இன்னும் ஒரு படி மேலே போனால் ஃபுல் ஃப்ளோட்டிங். கூட்டின் மேல் இரண்டு பேரிங்குகள் சக்கரத்தை முழுவதும் தாங்கிக்கொள்ளும். அச்சின் வேலை சுழற்றுவது மட்டுமே.

அடுத்த முறை லாரி ஒன்று நிற்கும்போது அதன் பின் சக்கரத்தின் நடுவே பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைச் சுற்றி வட்டமாக நட்டுகள் இருக்கும். அவற்றைக் கழற்றினால் ஜாக்கி போடாமலே அச்சை உருவி எடுத்துவிடலாம். லாரி தன் சக்கரங்களின் மேல் அப்படியே நிற்கும். அதுதான் ஃபுல் ஃப்ளோட்டிங். பாரம் அதிகமான வண்டிக்குச் செலவு அதிகமான ஏற்பாடு.

இனி உங்கள் ஃபேனுக்கு வருவோம்

கம்ப்யூட்டர் ஃபேன் கையளவுதானே, அதற்கும் காருக்கும் என்ன ஒப்பீடு என்று தோன்றலாம். ஒரு சிறிய கணக்குப் போடுவோம். மாடல் டி-யின் பின் சக்கரம் 30 அங்குலம். ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.4 மீட்டர் போகும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட சுமார் 4 கோடியே 20 லட்சம் சுற்றுகள். உங்கள் ஃபேன் நிமிடத்துக்கு 2000 முறை சுழல்கிறது, தினமும் 8 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 9 லட்சத்து 60 ஆயிரம் சுற்றுகள். நாற்பத்து நான்கே நாளில் அந்த ஒரு லட்சம் கிலோமீட்டர் கணக்கைத் தொட்டுவிடும்! பாரம் சில கிராம்தான். ஆனால் ஓய்வே இல்லை.

ஃபேனிலும் த்ரஸ்ட் உண்டு. காற்றை ஒரு பக்கம் தள்ளும் ஃபேனைக் காற்று மறுபக்கம் தள்ளுகிறது. ஃபேனைப் படுக்கை வசத்தில் பொருத்தினால் இறக்கைகளின் எடையும் தண்டின் நீளவாட்டில் சேர்ந்துகொள்ளும்.

ஸ்லீவ் பேரிங்: இது நாம் முதலில் பார்த்த புஷ்தான். வெண்கலப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த புஷ்ஷில் நுண்ணிய துளைகள் இருக்கும். அவற்றில் எண்ணெய் ஊறியிருக்கும். சுழலும்போது எண்ணெய் கசிந்து வரும், நின்றதும் உள்ளே போகும். இந்த வகை புஷ்ஷை 1930-ஐ ஒட்டி "ஆயிலைட்" என்ற பெயரில் கொண்டுவந்தது கிறைஸ்லர் என்ற கார் கம்பெனி! மலிவானது. புதிதில் சத்தமே இருக்காது. ஆனால் சூட்டில் எண்ணெய் காய்ந்துவிடும். படுக்கை வசத்தில் பொருத்தினால் சீக்கிரம் தேயும். கேபினட்டின் முன்புறம், பின்புறம் போன்ற இடங்களில் நிற்கும் ஃபேனுக்கு இது போதும்.

பால் பேரிங்: தண்டின் இரு முனையிலும் சிறிய பால்ரஸ். சூட்டைத் தாங்கும். எந்த வசத்தில் வைத்தாலும் கவலை இல்லை. சற்றே சத்தம் கேட்கும். நாள்பட்டால் சத்தம் கூடும், ஆனால் திடீரென்று நின்றுவிடாமல் முன்கூட்டியே எச்சரிக்கும்.

ஃப்ளூயிட் பேரிங்: புஷ்ஷின் உட்புறத்தில் மீன்முள் வடிவத்தில் நுண்ணிய கோடுகள் செதுக்கியிருக்கும். தண்டு சுழலும்போது இவை எண்ணெயை நடுப்பகுதிக்கு இழுத்து அழுத்தத்தை உண்டாக்கும். தண்டு எண்ணெயின் மேல் மிதக்கும். உலோகம் உலோகத்தைத் தொடாது. சத்தம் குறைவு, ஆயுள் அதிகம், விலையும் அதிகம்.

இந்த மூன்றாவது வகையின் வேர் ரயிலில் இருக்கிறது. 1880களில் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற எஞ்சினியர் ரயில் அச்சின் பேரிங்கைச் சோதித்தார். எண்ணெய் விடுவதற்காக மேலே ஒரு ஓட்டை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் வெளியே பொங்கியது. கார்க் வைத்து அடைத்தார், அதைத் தள்ளிவிட்டது. மரக்கட்டை வைத்தார், அதையும் தள்ளிவிட்டது. சுழலும் அச்சே எண்ணெயில் பெரும் அழுத்தத்தை உண்டாக்கி, அதன் மேல் மிதக்கிறது என்பது தெரிந்தது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். ஃப்ளூயிட் பேரிங் வடிவமைப்பு இன்றும் அந்தக் கணிதத்தின் மேல்தான் நிற்கிறது.

ஹார்ட் டிஸ்க்கில் ஏன் மாற்றினார்கள்?

பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் பால் பேரிங்தான் இருந்தது. குண்டுகள் எவ்வளவு உருண்டையாக இருந்தாலும் ஒன்றுக்கொன்று நூலிழை வேறுபாடு இருக்கும். அதனால் தட்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு விதமாக மிக நுண்ணிய அளவில் ஆடும். டிராக்குகள் அகலமாக இருந்தவரை இது பெரிதாகத் தெரியவில்லை. கொள்ளளவைக் கூட்ட டிராக்குகளை நெருக்கமாக்கியபோது அந்த ஆட்டம் தடையாக நின்றது. எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் தட்டு ஆடுவது மிகக் குறைவு. 2001-ல் சீகேட் நிறுவனத்தின் பாரகுடா ஏ.டி.ஏ. 4 ஹார்ட் டிஸ்க் ஃப்ளூயிட் பேரிங்குடன் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற கம்பெனிகளும் மாறிக்கொண்டன. சத்தம் குறைந்தது கூடுதல் லாபம்.

எஸ்.எஸ்.டி. வைத்த கம்ப்யூட்டர் உங்களுடையது என்றால் டிஸ்க்கைப் பொறுத்தவரை பேரிங் கவலையே இல்லை. ஃபேன் மட்டும்தான்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

1. காலையில் ஆன் செய்ததும் கரகரவென்று சத்தம் வந்து, சூடானதும் அடங்கினால் ஸ்லீவ் பேரிங்கில் எண்ணெய் குறைந்துவிட்டது என்று பொருள். புது ஃபேன் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

2. பயாஸ் திரையில் ஹார்ட்வேர் மானிட்டர் பகுதியில் ஃபேனின் வேகம் ஆர்.பி.எம். கணக்கில் தெரியும். கம்ப்யூட்டர் புதிதாக இருக்கும்போதே அதைக் குறித்து வையுங்கள். பிறகு அதே வேலையின்போது வேகம் மிகவும் குறைந்திருந்தால் பேரிங் இறுகுகிறது.

3. அட்டையில் 30,000 மணி நேரம் என்று ஆயுள் போட்டிருந்தால், எத்தனை டிகிரி சூட்டில் என்றும் பாருங்கள். 25 டிகிரியில் சொன்ன கணக்கு கோடைக்காலக் கேபினட்டுக்குள் செல்லாது. எல்-10 என்று போட்டிருந்தால், அந்த நேரத்துக்குள் பத்தில் ஒரு ஃபேன் பழுதாகும் என்று பொருள்.

4. மேற்கூரையில் படுக்கை வசமாகப் பொருத்தும் ஃபேனுக்கும், அதிகம் சூடாகும் இடத்துக்கும் பால் பேரிங் அல்லது ஃப்ளூயிட் பேரிங் வாங்குங்கள்.

5. புளோயர் வைத்துத் தூசி எடுக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் கெடும். கம்ப்யூட்டரின் பிளக்கை முதலில் கழற்றிவிட வேண்டும்.

6. எஸ்.எம்.பி.எஸ். ஃபேனில் சத்தம் வந்தால் நீங்களே பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

7. ஹார்ட் டிஸ்க்கில் உரசும் சத்தம் கேட்டால் முதல் வேலை பேக்கப் எடுப்பது. காரணத்தைப் பிறகு தேடலாம்.

பிராசசரின் ஃபேன் நின்றால் இன்றைய பிராசசர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டோ கம்ப்யூட்டரை அணைத்தோ தங்களைக் காத்துக்கொள்ளும். நீங்கள் சேமிக்காமல் விட்ட ஃபைலை அவை காப்பாற்றாது. மாடல் டி-யில் ஒரு வாஷரோடு பிரேக்கும் போனது போல, இங்கே ஒரு சிறிய புஷ்ஷோடு உங்கள் அரை நாள் வேலை போகலாம். அடுத்த முறை கம்ப்யூட்டர் கடைக்குப் போகும்போது ஃபேன் எந்த பேரிங் என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை!